ஊரடங்கில் வந்தவர்

சாவு வீட்டுக்குப் போனால் சத்தியநாராயணன் தன் இரண்டு செருப்பையும் ஒரே இடத்தில் கழற்ற மாட்டார். இடது கால் செருப்பை கேற்றுக்குப் பக்கத்தில் விடுவார். வலது கால் செருப்பைப் பத்து அடி தள்ளி, நாற்காலிகள் அடுக்கியிருக்கும் மூலையில் விடுவார். ஒற்றைச் செருப்பை எந்தக் கள்ளனும் எடுக்க மாட்டான் என்பது அவருடைய கணிப்பு. கல்யாணமாகி வந்த முதல் மாதத்திலேயே பகவதி இதைக் கண்டுகொண்டாள். முப்பத்தொன்பது வருடத்தில் அவருடைய செருப்பு ஒரே ஒரு தடவைதான் காணாமல் போனது. அதையும் நாய் தூக்கிப் போனதால் அவர் களவில் சேர்க்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் அவர் போகாத சாவு வீடு இல்லை. துறைமுகத்தில் வாஃப் கிளார்க்காக முப்பத்தாறு வருடம் இருந்தவர். புறக்கோட்டை வியாபாரிகளின் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுப்பது வேலை. வரிசையில் நிற்கத் தெரிய வேண்டும், முகம் சுளிக்கக் கூடாது, யாருடைய கையெழுத்து எந்த மேசையில் கிடைக்கும் என்று அறிந்திருக்க வேண்டும். சாவு வீட்டுக்கும் இவ்வளவும் போதும். மரணச் சான்றிதழுக்கு யாரைப் பிடிப்பது, மாதம்பிட்டி மயானத்தில் எந்த நேரம் காலி, பிணம் ஏற்ற வரும் மலர்ச்சாலை வண்டி எந்த ஒழுங்கையால் திரும்பும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெருவில் அவரைக் கண்டவர்கள் சுகம் விசாரிப்பதில்லை. "எத்தன மணிக்கு எடுக்கிறாங்க?" என்றுதான் கேட்பார்கள். யாரும் சாகாத வாரத்திலும் சிலர் பழக்கத்தில் அப்படிக் கேட்டுவிட்டு, பிறகு யோசித்துக்கொண்டே போவார்கள்.

அவர்கள் குடியிருந்தது மூன்றாம் மாடியில். கீழே, கொள்கலன் லொறிகள் துறைமுகத்துக்குத் திரும்பும் தெரு. காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். பகவதிக்கு இழுப்பு நோய். முன்பெல்லாம் படியேறும்போது ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவாள். பிறகு மாடிக்கு ஒரு தடவை என்றானது. அறுபத்துநாலு வயதில் எட்டுப் படிக்கு ஒரு தடவை. முதலாம் மாடியில் இருக்கும் பற்றிக் தன் வாசலில் அவளுக்கென்று ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டு வைத்திருந்தான்.

"அக்கா, இது ஒங்கட கதிர. எங்கட வீட்டு ஆக்கள் யாரும் இதில இருக்கப்படாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"இருந்தா என்னப்பா?"

"இருந்தா எழும்ப மாட்டானுங்க அக்கா."

நெஞ்சு டொக்டர் சுருக்கமாகச் சொன்னார். அந்தத் தூசிக்குள் இருந்துகொண்டு மருந்து குடிப்பது, மழையில் நின்றுகொண்டு தலை துவட்டுவது மாதிரி.

பண்டாரவளையில் பகவதியின் சித்தி மகனுக்கு ஒரு சின்ன வீடு இருந்தது. இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி, பின்னால் போஞ்சிக் கொடி போட ஒரு துண்டு நிலம். வாசலில் ஒரே ஒரு படி. மெல்பனில் இருக்கும் பகவதியின் மகள் லக்ஷ்மிப்பிரியா வட்ஸப்பில் அந்த ஒற்றைப் படியின் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுதான் வீடு" என்றாள். மலைக்குளிர் இழுப்புக்கு ஆகாது என்று கொட்டாஞ்சேனையில் ஐந்து பேர் சொன்னார்கள். ஐந்து பேரும் களனி ஆற்றுக்கு அப்பால் போய் ஒரு இரவு தங்காதவர்கள். கொட்டாஞ்சேனை மாடி வீட்டை ஒரு ஹார்ட்வெயார் முதலாளி வாங்கிக்கொண்டார். ஓகஸ்ட் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்து திறப்பைக் கொடுக்க வேண்டும்.

நான்கு அறைச் சாமான் இரண்டு அறைக்குள் போகாது. பகவதி பட்டியல் போட்டாள். மூன்று அலுமாரியில் இரண்டு போயின. ஷோகேஸ் போயிற்று. அதற்குள் இருந்த, யாரும் குடித்துப் பார்க்காத பன்னிரண்டு கண்ணாடிக் கோப்பைகளும் போயின. எட்டுக் கதிரை மேசை மட்டும் படிக்கட்டால் போகவில்லை. அது வந்த காலத்தில் படிக்கட்டுக்குக் கம்பி வேலி இல்லை. பற்றிக் அளவு நாடாவோடு வந்து மூன்று பக்கமும் அளந்தான்.

"அண்ணே, ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு மேசைய அறுக்கணும். இல்லாட்டி செவர ஒடைக்கணும்."

"செவர் வித்தாச்சு" என்றார் சத்தியநாராயணன்.

அறுத்தார்கள். எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டினார். எதையும் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. பகவதிக்கு அதுவே சந்தேகமாக இருந்தது. பயணத் திகதி குறிக்கும்போதுதான் ஆள் நழுவினார். ஜூனில் ஒரு ஞாயிறு குறித்தார்கள். பேக்கரிக்காரரின் தாய் இறந்தார். ஜூலையில் ஒன்று குறித்தார்கள். அந்த வாரம் இரண்டு சாவு, ஒன்று ஹெந்தளையில். மூன்றாவது திகதிக்கு முன்பு யாரும் சாகவில்லை. ஆனாலும் லொறிக்காரனுக்கு அவர் சொல்லவில்லை.

பகவதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஒங்களுக்கு வர இஷ்டமில்லன்னா சொல்லிருங்க."

"இஷ்டமிருக்கு."

"பின்ன?"

"கனகசபாபதி சேர் இருக்காரு."

"இருக்கட்டுமே."

"இருக்காருங்கிறதுதான் பிரச்சினை."

கனகசபாபதி சுங்கத்தில் மதிப்பீட்டு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளவத்தையில் இருப்பவர். சத்தியநாராயணன் நீட்டிய காகிதங்களில் முப்பது வருடம் கையெழுத்து வைத்தவர். அதற்கு மேல் நெருக்கம் என்று எதுவும் இல்லை. 2020 ஏப்ரலில், ஊர் முழுக்க ஊரடங்குச் சட்டத்தில் அடைந்து கிடந்தபோது, சத்தியநாராயணனின் தாய் இந்த மூன்றாம் மாடியில் முதுமையால் இறந்தார். அறுநூறு சாவுக்குப் போன மனிதரின் வீட்டுச் சாவுக்கு யாரும் வரவில்லை. வர முடியாது என்று எல்லோரும் ஃபோனில் அழுதார்கள். மத்தியானம் மருந்துக் கடை வேன் ஒன்று கீழே வந்து நின்றது. அதிலிருந்து எண்பத்தொரு வயது கனகசபாபதி இறங்கினார். மகனுடைய மருந்துக் கடை வேன், ஊரடங்கில் ஓட அனுமதி பெற்றது. மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்திருந்தார். படியேறினார், ஐம்பது நிமிடம் இருந்தார், போனார். வந்த ஒரே ஆள் அவர்தான்.

"அவரு சாவுக்கு நான் நிக்கணும் பகவதி. மத்ததெல்லாம் போகுது. இத வச்சிட்டு ஊர விட்டுப் போக முடியாது."

"இப்ப வயசு என்ன?"

"எம்பத்திநாலு."

"சீக்கு ஏதாச்சும்?"

"ஒண்ணுமில்ல. காலையில கடக்கரையில நடக்கிறாரு."

ஒரு பெரிய மனிதருக்குச் சீக்கு இருக்கக் கூடாதா என்று எதிர்பார்த்துத்தான் கேட்டோம் என்பது பகவதிக்கு உடனே உறைத்தது. நல்லவர்கள் இப்படிக் கேட்பார்களா என்று யோசித்தாள். யோசித்த பிறகும் அவர் சொன்ன பதில் அவளுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

"அவரு தொண்ணூத்தஞ்சு வரைக்கும் இருப்பாரு. அது வரைக்கும் நான் இருப்பனா?"

அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். மறுநாள் அவளே ஒரு வழி சொன்னாள். உயிரோடு இருக்கும்போதே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன? பிறகு வர முடியாமல் போனாலும் முன்கூட்டி வந்ததாக ஆகிவிடும். சத்தியநாராயணன் நெடுநேரம் யோசித்து, சுங்கத்தில் அப்படி ஒரு முறை உண்டு என்று ஒப்புக்கொண்டார். கப்பல் வரும் முன்பே காகிதத்தைக் கட்டி வைப்பதுண்டு.

கிளம்பும்போது அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"கலர் சட்ட போடுங்க. உசுரோட இருக்கிற மனுசன் வீட்டுக்குப் போறோம்."

மாற்றினார். வெறுங்கையோடு பஸ் ஏறப் போனார். பகவதிதான் திராட்சை வாங்கினாள். வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அந்த ஃபிளாட். கதவைத் திறந்த மகள், கதவடியில் ஒரு செருப்பும் லிஃப்டடியில் ஒரு செருப்பும் கிடப்பதைப் பார்த்து, இரண்டையும் எடுத்துவந்து சேர்த்து வைத்தாள்.

"வாரும், வாரும். ஒருத்தரும் சாகாமல் நீர் இந்தப் பக்கம் வரமாட்டீரே" என்றார் கனகசபாபதி.

"சும்மாதான் சேர். பாத்துட்டுப் போகலாம்னு."

சத்தியநாராயணன் சோபாவில் உட்காரவில்லை. சுவரோரம் இருந்த சாப்பாட்டு மேசைக் கதிரையில், கைகளைத் தொடையில் வைத்து, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்தார். கனகசபாபதி பழைய துறைமுகக் கதை ஒன்றைத் தொடங்கினார். நடுவில் தேநீர் கொண்டுவந்த மகளிடம் சத்தியநாராயணன் தணிந்த குரலில் கேட்டார்.

"கடைசியா என்ன சாப்பிட்டாரு?"

"இடியப்பம் அங்கிள். காலமைச் சாப்பாட்டுக்கு."

"நல்லா சாப்பிட்டாரா?"

"பத்துச் சாப்பிட்டவர்."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். பகவதி அவர் காலை மிதித்தாள். அவருக்குப் புரியவில்லை.

பிறகு மகளோடு பேசிக்கொண்டு பகவதி குசினிக்குள் போனாள். திரும்பி வந்தபோது சுவரோரக் கதிரை காலியாக இருந்தது. கனகசபாபதி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது நிமிடமானதும் சத்தியநாராயணன் எழுந்து, கை குவித்து, அவர் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, பேசாமல் படியிறங்கிப் போயிருந்தார். சாவு வீட்டில் யாரும் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்வதில்லை. அந்த வீட்டுக்கு மறுபடி அப்படி ஒரு வருகை வேண்டாம் என்பதால், எழுந்து பேசாமல் போய்விடுவதுதான் முறை. அந்த முறையில் அவருக்கு நாற்பது வருடப் பழக்கம்.

"நாங்க போயிட்டு வர்றோம் சேர்" என்றாள் பகவதி, வேண்டியதைவிடச் சத்தமாக.

"நீங்கள் சொல்லுறியள், தங்கச்சி. அவர் சொல்லேல்ல."

பஸ் கொள்ளுப்பிட்டியைத் தாண்டியதும், அவர் 'போயிட்டு வர்றேன்' சொல்லாமல் வந்ததைப் பற்றிப் பகவதி பேச்செடுத்தாள். சத்தியநாராயணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வாய் வரல்ல" என்றார்.

அடுத்த நாள் கனகசபாபதியின் மகள் ஃபோன் எடுத்தாள். "அன்ரி, அப்பா இண்டைக்கு நாலு இடியப்பத்தோட நிப்பாட்டிட்டார். கடற்கரைக்கும் போகேல்ல. அங்கிளுக்குத் தன்னைப்பற்றி ஏதோ தெரிஞ்சிருக்கு, அவர் அந்த விஷயத்தில பிழைவிடுற ஆள் இல்லை எண்டு சொல்லிக்கொண்டு இருக்கிறார்."

மூன்றாம் நாள் காலை கீழே பற்றிக்கின் குரல் கேட்டது. "ஐயா, இருந்திட்டுப் போங்க ஐயா. இந்தா கதிர இருக்கு." யாரும் உட்கார்ந்த மாதிரித் தெரியவில்லை. சிறிது நேரத்தில் கனகசபாபதி வாசலில் நின்றார். கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறி வந்திருந்தார். பின்னால் பற்றிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கியபடி வந்தான்.

"நான் இன்னும் சாகேல்ல" என்றார் கனகசபாபதி.

"தெரியும் சேர்."

"உமக்குத் தெரியும். எனக்குத்தான் மூண்டு நாளாச் சந்தேகம். ஏன் அப்பிடி வந்திட்டுப் போனீர்?"

சத்தியநாராயணன் பெரியவரை உட்கார வைக்க இடம் தேடினார். வீட்டில் உட்கார ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. கட்டி வைத்த பெட்டிகளும், சுவரோரம் அறுத்த மேசையின் இரண்டு கால்களும், பகவதி ஆவி இழுக்கும் மருந்து மெஷினும்தான். பற்றிக் கொண்டுவந்த கதிரையில் பெரியவரை உட்கார வைத்துவிட்டு, பகவதி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

"நாங்க பண்டாரவளைக்குப் போகணும் சேர். எனக்கு இங்க மூச்சு விட முடியல்ல. வீடு வித்தாச்சு, சாமான் கட்டியாச்சு. ஒங்களாலதான் போகாம இருக்கோம்."

"என்னாலயோ?"

"நீங்க ஊரடங்கில வந்தீங்க. ஒங்க காரியத்துக்கு நிக்காம இவரு ஊர விட்டு வர மாட்டாராம்."

பற்றிக் அந்த நேரம் பார்த்துக் கீழே வேலையிருப்பதாகச் சொல்லிப் போனான். கனகசபாபதி மருந்து மெஷினைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அப்ப நான் சாகவேணும் எண்டு காத்துக்கொண்டு இருக்கிறியள்."

"ஆமா சேர்" என்றாள் பகவதி. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். மூன்று மாடி ஏறி வந்த மனிதரிடம் சொல்ல நல்ல பொய் ஒன்றும் கிடைக்கவில்லை.

பெரியவருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. கன்னத்தைச் சொறிந்தார்.

"சத்தியநாராயணன், உமக்கு ஒரு உண்மை சொல்லுறன். அந்த நேரம் மூண்டு கிழமையா நான் வீட்டுக்குள்ள. மகளின்ர முகத்தையும் ரீவியையும்தான் மாறி மாறிப் பாத்துக்கொண்டு இருந்தனான். எங்கையாவது வெளிய போகவேணும் எண்டு விசர் பிடிச்சமாதிரி. அண்டைக்கு வேன் கொட்டாஞ்சேனைக்கு மருந்து குடுக்கப் போகுது எண்டான் மகன். உம்மட அம்மாவின்ர செய்தியும் வந்திருந்தது. ஏறி வந்திட்டன். மருதானைக்கு வேன் போயிருந்தா மருதானைக்குப் போயிருப்பன்."

"ஏன் வந்தீங்கங்கிறது எனக்கெதுக்கு சேர். வந்தீங்க."

கீழே ஒரு லொறி பின்னால் எடுத்தது. பகவதி இருமினாள். அது நிற்க நேரமெடுத்தது. நிற்கும்வரை இரண்டு ஆண்களும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாப்பத்தெட்டுப் படி" என்றார் கனகசபாபதி. "எண்ணிக்கொண்டு வந்தனான். இனி ஒரு நாளும் இவ இதில ஏறப்படாது. சரி, கொண்டு போம்."

முப்பது வருடம் அந்தக் குரலில் அந்தச் சொற்கள் வந்தால் சரக்கு விடுபட்டது என்று பொருள். மறுபேச்சு கிடையாது. சத்தியநாராயணனின் கை தன்னை அறியாமல் சட்டைப் பையில் பேனாவைத் தேடியது. அன்று மாலையே லொறிக்காரனுக்குச் சொன்னார்.

அதற்கு முன், விடைபெறும்போது, வாசலில் கனகசபாபதி இரண்டு மாடிக்குக் கேட்கும்படி, "போட்டு வாறன்" என்றார்.

"சேர், நான் வருவேன்."

"நான் கேக்கேல்ல."

"வருவேன்."

இது தேவையா என்று பகவதி நினைத்தாள். திறந்துவிட்ட கதவை உள்ளேயிருந்து தானே பூட்டிக்கொள்கிற மனிதரை என்ன செய்வது?

பண்டாரவளை அமைதியாக இருந்தது. சத்தியநாராயணனுக்கு அது அளவுக்கு மிஞ்சிய அமைதி. அந்தப் பக்கத்தில் முதல் ஆறு மாதம் யாரும் சாகவில்லை. ஏழாவது மாதம் ஒருவர் இறந்தபோது, போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. இறந்தவரின் மச்சானாக இருக்கும் என்று நினைத்துத் தேநீர் மட்டும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து போஞ்சிக்குத் தண்ணீர் ஊற்றினார். பகவதி ஒற்றைப் படியில் நிற்காமல் ஏறினாள். சந்தைக்கு நடந்து போய் நடந்தே வந்தாள். மாதம் நான்கு தடவை மருந்து மெஷின் பிடித்தவள், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பிடித்தாள். பனி இறங்கும் மார்கழி, தையில் மட்டும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது தை மாதத்தில், ஒரு வியாழக்கிழமை காலை, வெள்ளவத்தையிலிருந்து செய்தி வந்தது. கனகசபாபதி நித்திரையில் போய்விட்டார். லண்டனிலிருந்து இளைய மகன் வர வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு எடுக்கிறார்கள்.

போதிய நேரம் இருந்தது. சத்தியநாராயணன் வெள்ளைச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்தார். பகல் ரயிலுக்கு மூன்று மணித்தியாலம் முன்பே பையோடு வாசலுக்கு வந்துவிட்டார். பகவதிக்கு விடிந்ததிலிருந்தே நெஞ்சு பிடித்திருந்தது. அவருக்குத் தெரியக் கூடாது என்று அவருக்கு முதுகு காட்டியே வேலை செய்தாள். அவர் பயணம் போகும்போது வழக்கமாக நான்கு விஷயம் சொல்வாள். ரிக்கற்றை மேல் பையில் வைக்காதீங்க, மப்ளர் கட்டுங்க, கண்டதைத் தின்னாதீங்க, போய் இறங்கினதும் ஃபோன் பண்ணுங்க.

அன்றைக்கு, "போங்க" என்றாள்.

அவர் படியில் நின்றார். மற்றதற்காகக் காத்திருந்தார். வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தோள் இரண்டும் ஏறி இறங்க, அவரைப் போகச் சொல்லிக் கையை அசைத்தாள். அவர் பையைக் கீழே வைத்தார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அவளுக்கு முகமூடி மாட்டியிருந்தது. அதற்குள்ளிருந்து, இன்னும் பஸ் இருக்கா என்று கேட்டாள். அவர் தாதியிடம் ஒட்சிசன் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டார். தொண்ணூற்றிரண்டு. பின்னேரம் மூன்று மணிக்கு அவர் கதிரையிலிருந்து எழுந்து நின்றார். பார்வையாளர் நேரம் முடிந்ததும் தானாக எழுந்த ஆள் என்று நினைத்து, வார்ட்டுச் சிற்றூழியர் அவரைப் பாராட்டினார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

மாதக் கடைசியில் கனகசபாபதியின் மகள் ஃபோன் எடுத்தாள். முப்பத்தோராம் நாள் சடங்குக்குச் சொல்ல எடுத்திருந்தாள்.

"அங்கிள், எடுக்கிறதுக்குப் பத்து நிமிஷம் பிந்தினாங்கள். நீங்கள் வந்திடுவியள் எண்டு நான்தான் பொறுங்கோ எண்டனான்."

"சரி, பிள்ள."

"ஏன் அங்கிள் வரேல்ல? சுகமில்லையோ?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பகவதி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். ஆஸ்பத்திரி என்று உதட்டை அசைத்தாள்.

"வரல்ல பிள்ள" என்றார் அவர்.

"சரி அங்கிள்" என்று மட்டும் சொல்லி அவள் ஃபோனை வைத்துவிட்டாள். சாதாரணமாக அப்படி வைக்கிறவள் அல்ல.

"சொல்லியிருக்கலாமே" என்றாள் பகவதி. "என்னக் கொண்டுபோய் வச்சிருந்தீங்கன்னு சொன்னா அந்தப் பிள்ளைக்கு வெளங்காதா?"

"வெளங்கும்."

"அப்புறம்?"

"சொன்னா வராத குத்தம் ஒன் பேருக்குப் போயிரும். என் பேர்லயே கெடக்கட்டும்."

முப்பத்தோராம் நாளுக்கும் அவர் போகவில்லை. அன்றைக்குப் பகவதிக்கு கிளினிக்.